மறைநீரும் நீர்த்தடமும்: ஒரு பொறியியல் பேராசிரியரின் கணக்கும் அதன் சொற்களும்

தமிழ் மேடைகளில் நீரைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் முதலில் ‘வான்சிறப்பு’ அதிகாரத்தை நாடுவர். நல்ல மரபுதான், ஆயினும் இவ்வுரையில் அதனைத் தவிர்க்கிறேன். நாம் பேசவிருப்பது நீரின் பெருமையை அன்று, நீரின் கணக்கை. ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர் நீர், ஒரு கோப்பைக் காப்பிக்கு 130 லிட்டர் நீர் என்னும் எண்கள் மாணவர் கட்டுரைகளிலும் பேச்சுப் போட்டிகளிலும் இப்போது தாராளமாக வருகின்றன. சொல்லும் மாணவர்க்கும் கேட்கும் நடுவர்க்கும் அவை வியப்பைத் தருகின்றன. அவற்றைக் கணக்கிட்டவர் யார், எப்படிக் கணக்கிட்டார், அவை எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்லவில்லை என்னும் வினாக்கள் மட்டும் எழுவதில்லை. மொழியியல் படித்த எனக்கு இத்துறையில் நுழைய என்ன உரிமை என்று கேட்கலாம். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டிருந்த நாள்களில், ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடப்போய் அச்சொல்லின் வரலாற்றையே படிக்க நேர்ந்தது. அந்த அளவே என் உரிமை.

அவ்வெண்களுக்குப் பின்னால் இருப்பவர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா என்னும் டச்சுப் பொறியாளர். 1967ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். அந்நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே கட்டுமானப் பொறியியல் பயின்று, அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றார். டச்சுக்காரர் ஒருவர் நீர்ப்பொறியியல் படிப்பதில் வியப்பொன்றும் இல்லை. கடல் மட்டத்திற்குக் கீழே கணிசமான பகுதி கிடக்கும் நாடு அது. நீரை வெளியே தள்ளி வைப்பதற்கென்றே இடைக்காலந்தொட்டு நீர் வாரியங்களை அமைத்து, அவற்றுக்குத் தேர்தலும் நடத்தி வந்த மக்கள் அவர்கள். 1953ஆம் ஆண்டு சனவரி இறுதியில் எழுந்த கடற்பெருக்கில் அந்நாட்டில் 1,836 பேர் மாண்டனர். அதன்பின் எழுந்த அணைகளும் மதகுகளும் உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றன. அந்தப் பள்ளியில் பயின்றவர் எதிர்த்திசையில் சிந்தித்தார் என்பதே நம் வரலாற்றின் சுவையான தொடக்கம். வீட்டு வாயிலில் நிற்கும் மிகைநீரை விட்டுவிட்டு, தம் நாட்டு மக்கள் உண்ணும் உணவுக்காக எங்கோ ஓர் அயல்நாட்டு வயலில் செலவாகும் நீரை அவர் எண்ணத் தொடங்கினார்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. நீரின் எதிர்காலத்தை வெவ்வேறு உலக நோக்குடையோர் வெவ்வேறாகக் காண்பர் என்பதைக் கணினி மாதிரிகளின் வழி ஆராய்ந்த நூல் அது. அங்கு அவர் கற்ற பாடம் ஒன்று பிற்காலப் பணி முழுவதிலும் தெரிகிறது: பற்றாக்குறை என்பது இயற்கையில் கிடக்கும் எண் மட்டும் அன்று, யார் எதனைக் கணக்கில் சேர்க்கிறார் என்பதையும் பொறுத்தது.

இங்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஹூக்ஸ்ட்ராவுக்கு முன்பே டோனி ஆலன் என்னும் இலண்டன் புவியியலாளர், மத்தியக் கிழக்கு நாடுகளில் ஒரு புதிரைக் கண்டார். அந்நாடுகளின் நீர்வளம் அவற்றின் மக்களுக்கு வேண்டிய உணவை விளைவிக்கப் போதாது. ஆயினும் எல்லாரும் எதிர்பார்த்த நீர்ப்போர்கள் மூளவில்லை. ஏன்? அவை கோதுமையை இறக்குமதி செய்தன. ஒரு டன் கோதுமையை வாங்கும் நாடு, அதனை விளைவிக்கத் தேவையான ஏறத்தாழ ஆயிரம் டன் நீரைத் தேடும் தொல்லையிலிருந்து தப்புகிறது. இக்கருத்தை அவர் முதலில் ‘உட்பொதிந்த நீர்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் குறித்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. 1990களின் தொடக்கத்தில் அதே கருத்துக்கு வேறொரு பெயரைச் சூட்டினார். தமிழ் இதழ்கள் இன்று ‘மறைநீர்’ என்றும் சிலர் ‘மெய்நிகர் நீர்’ என்றும் வழங்குவது அப்பெயரைத்தான். பெயர் மாறியதும் கருத்து உலகைச் சுற்றிவந்தது. 2008ஆம் ஆண்டு ஆலனுக்கு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசும் கிடைத்தது. கருத்து ஒன்றே, சொல் மட்டும் வேறு, விளைவோ முற்றிலும் வேறு. மொழி மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆலன் தந்தது கருத்து. கணக்கைத் தந்தவர் ஹூக்ஸ்ட்ரா. 2002ஆம் ஆண்டு, டெல்ஃப்டில் உள்ள நீர்க்கல்வி நிறுவனத்தில் பணியாற்றியபோது, பி. கியூ. ஹுங் என்பவருடன் சேர்ந்து, பயிர் வணிகத்தின் வழி நாடுகளுக்கிடையே எவ்வளவு மறைநீர் கைமாறுகிறது என்பதை மதிப்பிட்டார். 1995 முதல் 1999 வரையிலான ஆண்டுகளுக்கு அவர்கள் கண்ட சராசரி, ஆண்டொன்றுக்கு 69,500 கோடி கன மீட்டர். அதே ஆண்டில்தான் ‘நீர்த்தடம்’ என்னும் கருத்தையும் அவர் முன்வைத்தார். 1990களில் பரவிய ‘சூழலியல் தடம்’ என்னும் சொல்லின் வார்ப்பில் பிறந்த சொல் அது. தமிழில் இதற்கு ஓர் எதிர்பாராத பொருத்தம் அமைந்துள்ளது. ‘தடம்’ என்றால் நமக்குக் கால் பதிந்த சுவடு. வழி என்றும் பொருள். பழந்தமிழில் அச்சொல் குளத்தையும் குறித்தது. சுவடும் குளமும் ஒரே சொல்லில் அமர்ந்திருக்கும் வாய்ப்பு ஆங்கிலத்திற்கு இல்லை.

கணக்கின் முறையைப் பார்ப்போம். ஆசிரியர்கள் கரும்பலகையில் செய்துகாட்டும் அளவுக்கு அதன் அடிப்படை எளியது. வயலிலிருந்து மண்வழி ஆவியாகும் நீரும், இலைவழி நீராவிப்போக்கால் வெளியேறும் நீரும் சேர்ந்து பயிரின் நீர்ச்செலவு. இதனை மழையைப் போலவே மில்லிமீட்டரில் அளப்பர். ஒரு ஹெக்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் என்பது 10 கன மீட்டர். ஒரு பயிர் தன் வாழ்நாளில் 400 மில்லிமீட்டர் நீரைச் செலவிட்டால் ஹெக்டருக்கு 4,000 கன மீட்டர். விளைச்சல் ஹெக்டருக்கு 4 டன் என்று கொண்டால் டன்னுக்கு 1,000 கன மீட்டர். அதாவது கிலோவுக்கு 1,000 லிட்டர். அவ்வளவுதான். விளைச்சல் இரு மடங்கானால் தடம் பாதியாகும் என்பதையும் இக்கணக்கே காட்டுகிறது. எனவே ‘இப்பயிர் நீர் குடிக்கும் பயிர்’ என்று பொதுவாகச் சொல்வது அரைகுறைப் பேச்சு. அதே பயிர், அதே வானம், ஆனால் விதையும் உரமும் உழவும் மாறினால் எண்ணும் மாறுகிறது.

இதன்மேல் வழங்கல் சங்கிலி ஏறுகிறது. நெல் அரிசியாகும்போது உமியும் தவிடும் நீங்குகின்றன. ஹூக்ஸ்ட்ராவும் எத்தியோப்பியாவைச் சேர்ந்த அவருடைய மாணவர் மெஸ்ஃபின் மெக்கொன்னனும் 1996–2005 ஆண்டுகளுக்குக் கண்ட உலகச் சராசரியில் ஒரு கிலோ நெல்லுக்கு 1,673 லிட்டர். ஒரு கிலோ நெல்லிலிருந்து 0.67 கிலோ வெள்ளரிசி கிடைக்கும் என்று கொண்டு வகுத்தால் 2,497 லிட்டர். மேடையில் ஒலிக்கும் 2,500 பிறந்த இடம் இதுவே. காப்பியும் அப்படித்தான்: வறுத்த கொட்டை கிலோவுக்கு ஏறத்தாழ 18,900 லிட்டர், ஒரு கோப்பைக்கு 7 கிராம் என்றால் 130 லிட்டரை ஒட்டி வருகிறது. மாட்டிறைச்சியின் கணக்கு இன்னும் நீண்டது. தொழில்முறைப் பண்ணையில் ஒரு மாடு மூன்று ஆண்டுகளில் 200 கிலோ எலும்பற்ற இறைச்சியைத் தருகிறது என்று வைத்து, அது தின்ற 1,300 கிலோ தானியமும் 7,200 கிலோ புல்லும் வைக்கோலும் விளைய எவ்வளவு நீர் ஆயிற்று என்று கூட்டினர். கிலோவுக்கு 15,000 லிட்டருக்கு மேல் வந்தது. அதில் மாடு குடித்த நீரும் கொட்டிலைக் கழுவிய நீரும் 155 லிட்டர் மட்டுமே. மீதி முழுதும் தீவனம் வளர்ந்த வயலில். இறைச்சிக்கூடத்தின் குழாயை எவ்வளவு இறுக்கினாலும் பயன் சிறிது என்பதும், சங்கிலியின் முதற்கண்ணியில்தான் நீர் செலவாகிறது என்பதும் இதனால் புலனாயின. தொழிற்சாலைக்குள் அளந்துகொண்டிருந்த பெருநிறுவனங்களை வயலை நோக்கித் திரும்பிப் பார்க்க வைத்தது இந்த ஒரு கூட்டல் கணக்கே என்பது என் கருத்து.

எல்லா நீரும் ஒன்றா? அன்று என்பதால் மூன்று நிறங்கள் வந்தன. ஆறு, ஏரி, நிலத்தடி ஆகியவற்றிலிருந்து எடுத்துச் செலவிடுவது நீல நீர். மழையாக விழுந்து மண்ணில் தங்கிப் பயிருக்கு உதவுவது பச்சை நீர். இவ்விரு வண்ணப் பாகுபாட்டை 1990களில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் அம்மையார். மூன்றாவதான சாம்பல் நீர், கழிவாக வெளியேறும் மாசைத் தர அளவுக்குள் நீர்த்துப்போகச் செய்யத் தேவைப்படும் நீரின் அளவு. கவனியுங்கள்: இது எங்கும் ஓடும் நீர் அன்று, மாசை நீரின் மொழியில் சொல்லும் ஒரு கற்பனை அளவு. வீட்டில் குளித்தும் துவைத்தும் வெளியேறும் நீரையும் சுகாதாரப் பொறியியலார் சாம்பல் நீர் என்றே அழைப்பதால், ஆங்கிலத்திலும் தமிழிலும் குழப்பம் நேர்கிறது. வினாத்தாள் எழுதும் ஆசிரியர்கள் எந்தச் சாம்பல் என்று தெளிவுபடுத்துவது நல்லது.

‘மறைநீர்’ என்ற சொல்லிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மறைந்திருக்கும் நீர் என்றதும், அரிசிமணிக்குள் 2,500 லிட்டர் எப்படியோ ஒளிந்திருப்பதாக மாணவர் மனத்தில் ஒரு படம் எழுகிறது. அரிசிக்குள் இருப்பது சிறிதளவு ஈரப்பதமே. கணக்கில் வரும் நீர் அரிசியோடு கப்பல் ஏறவில்லை. விளைந்த நாட்டிலேயே ஆவியாகிவிட்டது. அது செலவான நீர். ஒளிந்த நீர் அன்று. ஆயினும் வழக்கில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்குவது மொழியியலாரின் வேலை அன்று. விளக்கிப் பயன்படுத்துவோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘பயன்பாடு’ என்னும் சொல்லில் இருக்கிறது. ஆற்றிலிருந்து நூறு லிட்டர் எடுத்து எண்பது லிட்டரைத் திரும்ப விட்டால், நாம் பயன்படுத்தியது நூறா இருபதா? எடுப்பு நூறு; நுகர்வு இருபது. அரசுப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் எடுப்பைச் சொல்கின்றன. ஹூக்ஸ்ட்ராவின் நீலத்தடம் நுகர்வை மட்டும் எண்ணுகிறது. நெல்வயலில் தேங்கும் நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து நிலத்தடிக்குச் செல்கிறது. அது தடத்தில் சேராது. நேபாளத்தைச் சேர்ந்த அசோக் சாபாகாயினுடன் அவர் 2011இல் வெளியிட்ட நெல் ஆய்வு, உலகச் சராசரியை டன்னுக்கு 1,325 கன மீட்டர் என்று கண்டு, கசிவான 1,025 கன மீட்டரைத் தனியே குறித்தது. முன்னர்ச் சொன்ன 1,673 எங்கே, இந்த 1,325 எங்கே? இரண்டும் ஒரே அறிஞர் பங்கேற்ற ஆய்வுகளே. ஆண்டுகள் வேறு, தரவுகள் வேறு, அனுமானங்கள் வேறு. எண்ணை ஒப்பிக்கும் மாணவர் இவ்வேறுபாட்டையும் சேர்த்துச் சொன்னால், நடுவராக அமரும் நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

2005ஆம் ஆண்டு அவர் நாட்டின் கிழக்கெல்லையில் என்ஸ்கெடே நகரிலுள்ள டுவென்டே பல்கலைக்கழகத்தில் நீர் மேலாண்மைப் பேராசிரியர் ஆனார். அடுத்த பதினான்கு ஆண்டுகள் அவருடைய பொற்காலம். 2008இல் நீர்த்தட வலையமைப்பு தோன்றியது. 2011இல் கணக்கீட்டு முறைகளைத் தொகுத்த கையேடு வெளிவந்தது. 2012இல் மெக்கொன்னனுடன் எழுதிய கட்டுரை மனிதகுலம் முழுமையின் நீர்த்தடத்தையும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9.09 இலட்சம் கோடி கன மீட்டர் என்று மதிப்பிட்டது. அதில் 92 விழுக்காடு வேளாண்மைக்குரியது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏற்றுமதிப் பொருள்களுக்கானது. உலக மாந்தர் ஒருவரின் சராசரி, ஆண்டுக்கு 1,385 கன மீட்டர். அமெரிக்கர் ஒருவருக்கு 2,842, இந்தியர் ஒருவருக்கு 1,089. சிங்கப்பூரில் ஒருவர் வீட்டுக் குழாயில் நாளொன்றுக்குப் பயன்படுத்துவது சுமார் 140 லிட்டர். உலகச் சராசரித் தடத்தை நாள் கணக்கில் மாற்றினால் 3,800 லிட்டரை நெருங்குகிறது. குழாயைப் போல இருபத்தேழு மடங்கு. காலையில் குடிக்கும் ஒரு கோப்பைக் காப்பியே குழாய் நீரின் முழு நாள் கணக்கை ஏறத்தாழ எட்டிவிடுகிறது.

அவருடைய நாட்டைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வு, டச்சு மக்களின் தடத்தில் 89 விழுக்காடு நாட்டுக்கு வெளியே பதிந்திருப்பதைக் காட்டியது. மழையும் ஆறுகளும் மிகுந்த நாடு, தன் நீரை வைத்துக்கொண்டே பிறர் நீரை உண்டுகொண்டிருந்தது. இதில் நமக்கும் பங்குண்டு. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. சிங்கப்பூரின் நீர் என்றால் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம், ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன், 2061இல் முடிவு என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தட்டு வழி வரும் நீருக்கு ஒப்பந்தமும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. 2022ஆம் ஆண்டு சூன் முதல் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் அதனை உடனே உணர்ந்தன. அக்கோழிகள் தின்ற சோளமோ மலேசியாவில் விளைந்ததன்று. பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரேசில் வயலில் பெய்த மழை, மலேசியப் பண்ணை வழியாகச் சிங்கப்பூர்த் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஹூக்ஸ்ட்ரா தம் இறுதி ஆண்டுகளில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியைச் சேர்ந்த நீர்க்கொள்கைக் கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் இருந்தார் என்பதை நம் ஆசிரியர்கள் பலர் அறியார்.

2016ஆம் ஆண்டு ஆய்வு அவருடைய முறையின் வலிமையைக் காட்டுகிறது. அதற்குமுன் நீர்ப் பற்றாக்குறையில் வாழ்வோர் 170 கோடி முதல் 310 கோடி வரை என்று மதிப்பிட்டிருந்தனர். அவை பெரும்பாலும் ஆண்டுச் சராசரிக் கணக்குகள். பருவமழை நாட்டில் ஆண்டுச் சராசரி என்பது ஏமாற்று வித்தை. வெள்ளமும் வறட்சியும் ஒன்றையொன்று சமன் செய்து, குறையே இல்லாததுபோல் தோன்றும். ஹூக்ஸ்ட்ராவும் மெக்கொன்னனும் மாதந்தோறும் கணக்கிட்டனர். ஆண்டில் ஒரு மாதமேனும் கடும் பற்றாக்குறையில் வாழ்வோர் 400 கோடிப் பேர். ஆண்டு முழுதும் அவ்வாறு வாழ்வோர் 50 கோடிப் பேர்.

எதிர்ப்புகள் எழாமல் இல்லை. டென்னிஸ் விச்செல்ன்ஸ் போன்ற பொருளியலாளர்கள், நீரின் அளவை மட்டும் வைத்து வணிகத்தையோ கொள்கையையோ தீர்மானிக்க இயலாது என்று தொடர்ந்து வாதிட்டனர். நிலம், உழைப்பு, வேறு வாய்ப்புகள் ஆகியவற்றை அவ்வெண் காட்டுவதில்லை. பச்சை நீரைப் பற்றிய ஐயமும் உண்டு: பயிர் இல்லாவிடினும் அங்கே காடோ புல்லோ இருந்து அம்மழையைச் செலவிட்டிருக்குமே? மற்றொரு தரப்பினர் பொருள்களின் வாழ்நாள் மதிப்பீட்டுத் துறையினர். வறண்ட நாட்டில் செலவான ஒரு லிட்டரும் மழைவள நாட்டில் செலவான ஒரு லிட்டரும் ஒன்றாகா. எனவே பற்றாக்குறையால் பெருக்கியே கூட்ட வேண்டும் என்றனர். 2014இல் வெளிவந்த பன்னாட்டுத் தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 14046 அவர்கள் நோக்கையே பெரிதும் தழுவியது. ஹூக்ஸ்ட்ரா உடன்படவில்லை. 2016இல் எழுதிய மறுப்பில், பெருக்கி வரும் எண்ணுக்கு நீர் என்ற பொருளே இல்லாமற் போகிறது என்றும், மழைவள நாட்டில் நீரை வீணடித்தால் அங்கு விளைந்திருக்கக்கூடிய உணவு வறண்ட நாட்டில் விளைய வேண்டியதாகிறது என்றும் வாதிட்டார். இவ்வழக்கில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். லிட்டர் என்று சொன்னால் அது லிட்டராகவே இருக்க வேண்டும் என்பதில் ஹூக்ஸ்ட்ரா பக்கமே நியாயம். ஆனால் அந்த லிட்டர் எந்த ஆற்றுப்படுகையினது, எந்த மாதத்தினது என்பதைச் சொல்லாமல் வெறும் கூட்டுத்தொகையை மேடைக்கு அனுப்பினால், எதிர்த்தரப்பின் கவலை மெய்யாகிவிடுகிறது. அவரும் இதனை அறிந்திருந்தார். அதனால்தான் 2014இல் வெறும் எண்ணோடு நில்லாமல் மூன்றைக் கோரினார்: ஒவ்வோர் ஆற்றுப்படுகைக்கும் ஓர் உச்சவரம்பு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு திறன் அளவுகோல், ஒவ்வொரு சமுதாயத்திற்கும் ஒரு நியாயமான பங்கு. முதல் இரண்டும் பொறியியல். மூன்றாவதைப் பொறியியலால் தீர்க்க இயலாது என்பதை அறிந்தே அதனைச் சேர்த்தார் என்று நினைக்கிறேன்.

2019ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், 52 வயதில், எதிர்பாராத வகையில் அவர் காலமானார். நுகர்வுச் சமுதாயத்தின் நீர்த்தடம் பற்றிய அவருடைய நூலின் இரண்டாம் பதிப்பு அடுத்த ஆண்டில் வெளிவந்தது.

வகுப்பறைக்கு ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மேற்சொன்ன 2011ஆம் ஆண்டு நெல் ஆய்வின்படி, இந்தியா, தாய்லாந்து, வியட்நாம், மியன்மார், இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் ஆகிய நாடுகளின் நெல்லில் பச்சை நீரின் பங்கு நீல நீரைக் காட்டிலும் கணிசமாக மிகுதி. பாகிஸ்தானிலும் அமெரிக்காவிலும் நீலம் பச்சையைப் போல நான்கு மடங்கு. 2023ஆம் ஆண்டு சூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, சிங்கப்பூர் விலக்குக் கேட்டுப் பெற்றது. மாணவர்கள் தத்தம் வீட்டு அரிசிப்பையில் அச்சிட்டிருக்கும் நாட்டின் பெயரைக் குறித்துவரட்டும். வகுப்பில் அப்பெயர்களைப் பலகையில் எழுதி, எந்த அரிசி மழையில் விளைந்தது, எந்த அரிசி வாய்க்கால் நீரில் விளைந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். அதன்பின் 2,500 என்ற எண்ணைப் பலகையில் எழுதலாம்.